உட்கார்ந்தே தூங்கிய தங்கராசு மாமா

போன வாரம் ஜெயங்கொண்டத்தில் ஒரு கல்யாணம். பந்தியில் பக்கத்து இலைக்காரர் என்னை இரண்டு முறை உற்றுப் பார்த்தார். மூன்றாவது முறை கண்டுபிடித்துவிட்டார்.

"சார், நீங்கதானே அது? ட்ரைவர் மாமா பத்தி எழுதினீங்களே... நாற்காலியிலேயே வண்டி ஓட்டுவாரே! எங்க வூட்ல எல்லாரும் படிச்சுட்டு விழுந்து விழுந்து சிரிச்சோம் சார். எப்படி இருக்காரு?"

"நல்லா இருக்கார்" என்றேன்.

பொய். தங்கராசு மாமா இறந்து அன்றைக்கு இருபத்தாறு நாள் ஆகியிருந்தது.

ஏன் அப்படிச் சொன்னேன்? கல்யாணப் பந்தியில் சாவுச் செய்தி வேண்டாமே என்றுதான் – இப்படி என்னை நானே சமாதானப்படுத்திக்கொண்டு, பாயசம் வருவதற்குள் எழுந்து கை கழுவப் போய்விட்டேன். ஆனால் பஸ்ஸில் உட்கார்ந்ததும் அந்தச் சமாதானம் நிற்கவில்லை. மாமா எப்படி இருக்கிறார் என்று இந்தப் பக்கத்தில் ஏற்கெனவே ஒரு முறை உங்கள் எல்லோரிடமும் தப்பாகச் சொல்லியிருக்கிறேன். அதை இந்த வாரம் சரியாகச் சொல்லிவிட வேண்டும். வழக்கம்போல் சிரிக்கலாம் என்று இந்தப் பக்கத்தைத் திருப்பியவர்கள் மன்னிக்க வேண்டும்.

தங்கராசு மாமா என் அக்காவின் கணவர். சொந்த ஊர் வாலிகண்டபுரம். முப்பத்து நான்கு வருஷம் லாரி ஓட்டியவர். அரியலூரில் சிமெண்ட் மூட்டை ஏற்றினால் கொல்லத்தில்தான் இறக்குவார். அக்கா போன பிறகு கொஞ்ச நாள் தானே பொங்கித் தின்றார். ஒரே மகள் செல்வி திருப்பூரில் இருக்கிறாள். பனியன் கம்பெனி ஒன்றில் ஆபீஸ் வேலை. மூன்றாவது மாடி, இரண்டு அறை, நாலு பேர்.

"அங்க போனா நான் பால்கனியிலதான் படுக்கணும் மாப்ள. அங்கயும் வாஷிங் மெஷினப் போட்டு வச்சிருக்கா" என்றார். தானே விசாரித்து, தானே பெட்டியைக் கட்டிக்கொண்டு, பெரம்பலூரைத் தாண்டி அரியலூர் ரோட்டில் இருக்கும் ஒரு முதியோர் இல்லத்தில் சேர்ந்துவிட்டார். செல்வி போனில் அழுதாள். மாமா கேட்கவில்லை.

நான் அரியலூரில் இருப்பவன். ஒரு ஞாயிறு விட்டு ஒரு ஞாயிறு பஸ் ஏறிப் போய்ப் பார்ப்பேன்.

மாசி மாதம் அப்படிப் போனபோதுதான் அந்தக் காட்சி. காலை பத்தரை மணி. கட்டிலுக்குப் பக்கத்தில் கை வைத்த பிளாஸ்டிக் நாற்காலி. அதில் மாமா. முதுகு நேராக, இரண்டு கையும் நாற்காலியின் கைகளை இறுக்கிப் பிடித்தபடி... தூங்கிக்கொண்டிருந்தார்.

"தாத்தா டூட்டியில இருக்காரு சார்" என்றார் அஞ்சலை. அங்கே பெரியவர்களைப் பார்த்துக்கொள்ளும் அம்மா. "ராத்திரியும் இதே கததான். கட்டில்ல ஏறுறதே இல்ல. லாரி ஓட்டுன ஒடம்பாச்சே! எனக்கு வேல மிச்சம்... விரிப்பு மாத்தவே வேணாம். கட்டிலு கடையில வாங்குனபடியே இருக்கு."

பக்கத்துக் கட்டில் வேலாயுதம் – ஒரு காலத்தில் பெரம்பலூர் பஸ் ஸ்டாண்டு பக்கம் இட்லிக் கடை வைத்திருந்தவர் – தன் பங்குக்குச் சொன்னார்: "ஹாரன் மட்டுந்தான் சார் அடிக்கறதில்ல."

சத்தம் கேட்டு மாமா கண்ணைத் திறந்தார். அவரும் சிரித்தார்.

எனக்கு என்ன தோன்றியிருக்கும்? இந்த வாரத்துக்குப் பத்தி கிடைத்துவிட்டது என்றுதான் தோன்றியது! எழுதினேன். தூக்கத்தில் அவர் வலது கால் தரையை அமுக்குவதை பிரேக் என்று எழுதினேன். செருப்பின் வாரை பிளேடால் அறுத்து அகலப்படுத்தி வைத்திருந்தார். டிரைவர்களுக்குக் காற்றோட்டம் முக்கியம் என்று எழுதினேன். முன்பெல்லாம் கேட் வரை வந்து என்னை பஸ் ஏற்றிவிடுவார், இப்போது பாதி வழியில் வேப்பமரத்தடியில் நின்றுவிடுகிறார். வண்டியை ஓரங்கட்டிவிட்டார் என்று எழுதினேன். இரண்டு இட்லியோடு எழுந்துவிடுகிறார், ஆனாலும் சட்டைப் பொத்தான் வயிற்றில் பூட்ட மாட்டேன் என்கிறது. இல்லத்துச் சாப்பாட்டுக்கு இதைவிட நற்சாட்சி வேண்டுமா என்று கேட்டேன். கடைசி வரியில், மாமா இன்னும் கொல்லம் போய்ச் சேரவில்லை என்று முடித்தேன்.

அதற்கு வந்த மாதிரி கடிதம் எனக்கு எதற்கும் வந்ததில்லை. இல்லத்தில் மேனேஜர் அதை வெட்டி நோட்டீஸ் போர்டில் ஒட்டினார். சாயங்கால டீ நேரத்தில் எல்லோரையும் உட்காரவைத்து உரக்கப் படித்துக் காட்டினாராம். செல்வி படம் எடுத்து ஆபீஸ் முழுக்க அனுப்பினாள்.

ஒரே ஒரு கடிதம் மட்டும் வேறு மாதிரி இருந்தது.

பத்திரிகைக்காரர்கள் வாசகர் கடிதங்களைக் கட்டாகக் கட்டித்தான் எனக்கு அனுப்புவார்கள். அந்தக் கட்டு வந்து சேர்ந்தது சித்திரை பிறந்த பிறகு. கோடு போட்ட நோட்டுத் தாளில், நிதானமான கையெழுத்து. கல்லங்குறிச்சிப் பக்கத்திலிருந்து விசாலாட்சி என்ற ஓய்வு பெற்ற கிராம நர்ஸ் எழுதியிருந்தார்.

"ஐயா, உங்கள் கட்டுரையை இரண்டு தடவை படித்தேன். எனக்குச் சிரிப்பு வரவில்லை. உங்கள் மாமா வண்டி ஓட்டவில்லை. அவருக்குப் படுக்க முடியவில்லை என்று நினைக்கிறேன். அவர் காலைப் பாருங்கள். தாமதிக்காமல் ஒரு டாக்டரிடம் காட்டுங்கள்." கீழே போன் நம்பர்.

எனக்கு என்ன வந்தது தெரியுமா? கோபம். முப்பது பேர் சிரித்த இடத்தில் ஒரே ஒருவருக்குச் சிரிப்பு வரவில்லை என்றால் குறை யாரிடம்? இவருக்கு நகைச்சுவை தெரியாது, பார்க்கிற எல்லோரையும் நோயாளியாகப் பார்த்தே பழகியவர் – இப்படி முடிவு கட்டிக் கடிதத்தை மடித்து ஃபிரிட்ஜ் மேல் வைத்தேன். நடுவில் ஒரு ஞாயிறு இல்லத்துக்குப் போகும் முறை வந்தது. வெயில் என்று போகவில்லை.

பன்னிரண்டு நாள் அந்தக் கடிதம் ஃபிரிட்ஜ் மேல் இருந்தது.

பதின்மூன்றாம் நாள் காலை செல்வி கூப்பிட்டாள். "மாமா, அப்பா குரலே சரியில்ல. நாலு வார்த்தை பேசறதுக்குள்ள நிறுத்தி நிறுத்திப் பேசுறாரு. இருமல்னு சிரப் குடுத்திருக்காங்களாம். நீங்க ஒரு எட்டு போய்ப் பாக்குறீங்களா?"

அப்போதுதான் ஃபிரிட்ஜ் பக்கம் பார்த்தேன். விசாலாட்சி அம்மாவுக்குப் போன் செய்தேன். பேரைச் சொன்னதும் அந்தம்மா முதலில் கேட்டது, "கடுதாசி எப்ப கெடச்சுது சார்?"

சொன்னேன்.

"சரி. நான் எட்டே முக்கால் பஸ்ஸப் புடிக்கிறேன். நீங்க அரியலூர்ல நில்லுங்க. ரெண்டு பேருமாப் போவோம்."

யாரோ ஒருவருடைய மாமாவுக்காக, அறுபத்தெட்டு வயதில், சித்திரை வெயிலில் கிளம்பி வந்தார். தோளில் ஒரு துணிப்பை. பஸ்ஸில் என் பக்கத்தில் உட்கார்ந்து பெரும்பாலும் ஜன்னல் வழியாக வெளியே பார்த்துக்கொண்டே வந்தார். ஒரே ஒரு தடவை திரும்பினார்.

"சாப்பாடு கொறஞ்சுபோச்சு, வயிறு மட்டும் பெருத்திருக்குன்னு நீங்களே எழுதியிருக்கீங்க. அது எப்படி சார் பெருக்கும்? எழுதறப்ப அது தோணலையா ஒங்களுக்கு?"

தோன்றவில்லை.

இல்லத்தில் மாமா நாற்காலியில்தான் இருந்தார். முகம் ஒரு மாதிரி பளபளப்பாக, உப்பலாக இருந்தது. விசாலாட்சி அம்மா தரையில் உட்கார்ந்து, அவர் வேட்டியைக் கொஞ்சம் ஒதுக்கி, முழங்காலுக்குக் கீழே எலும்பின் மேல் கட்டைவிரலை வைத்து அமுக்கினார். விரலை எடுத்தார். அங்கே ஒரு குழி. ஒரு நெல்லிக்காயை உட்காரவைக்கலாம் போல அப்படி ஒரு குழி. நான் பார்த்துக்கொண்டே நின்றேன். அது மேலே வரவே இல்லை.

"அய்யா, படுத்தா மூச்சு முட்டுதா?"

மாமா அவரைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தார்.

"எப்போலேருந்துங்க அய்யா?"

"ஐப்பசி மழையிலேருந்து" என்றார் மாமா, மெதுவாக. "படுத்தா... தண்ணிக்குள்ள முக்குற மாதிரி இருக்கும்மா. எந்திரிச்சு உக்காந்தாத்தான் சரியாவும்."

ஐப்பசியிலிருந்து சித்திரை. ஆறு மாதம். நடுவில் எத்தனை ஞாயிறு வந்திருக்கிறேன்? எதிரே உட்கார்ந்து எத்தனை பிஸ்கட் தின்றிருக்கிறேன்?

"ஏன் மாமா சொல்லல?" என் குரல் உயர்ந்துவிட்டது.

"சொன்னா அனுப்பிடுவாங்க மாப்ள. சொந்தமா நடமாட முடிஞ்சாத்தான் இங்க வச்சிருப்பாங்க. அந்தக் கோடிக் கட்டில்ல ஒரு வாத்தியார் இருந்தாரே... மூச்சு வாங்குதுன்னு சொன்னாரு. மவன் வந்து கூட்டிட்டுப் போயிட்டான். பதினஞ்சாம் நாளு காரியம்னு பத்திரிகை வந்துச்சு." நிறுத்தினார். மூச்சை எடுத்துக்கொண்டார். "நீயும் எழுதினியா... படிச்சுக் காட்டினாங்க. எல்லாரும் சிரிச்சாங்க. சரி, ட்ரைவர் பழக்கம்னே இருக்கட்டும்னு விட்டுட்டேன். அதுக்கப்புறம் ஒருத்தரும் ஏன் உக்காந்திருக்கன்னு கேக்கல."

ஆக... அவர் மறைத்துக்கொள்ள ஒரு போர்வை தேடிக்கொண்டிருந்தார். நான் நெய்து கொடுத்திருக்கிறேன். அச்சடித்து, நோட்டீஸ் போர்டில் ஒட்டும் அளவுக்கு!

அன்றைக்கே பெரம்பலூரில் ஓர் ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். டாக்டர் சின்ன வயசுக்காரர். பொறுமையாகச் சொன்னார். "ஹார்ட் ஃபெயிலியர்னா இதயம் நிக்கப் போவுதுன்னு அர்த்தம் இல்லைங்க. தள்ளுற வேகம் கொறஞ்சுபோச்சு. அது தள்ளலேன்னா தண்ணி ஒடம்புலயே தேங்கிடும். கால்ல, வயித்துல, நுரையீரல்ல. மாசக்கணக்கா தேங்கியிருக்கு. முன்னாடியே வந்திருக்கலாமே?"

எல்லா டாக்டரும் கேட்கிற கேள்விதான். எனக்கு அன்றைக்கு அது கன்னத்தில் விழுந்தது.

சிறுநீர் போவதற்கு மருந்து ஏற்றினார்கள். உப்பைக் குறைத்தார்கள். குடிக்கிற தண்ணீரை அளந்து கொடுத்தார்கள். தினமும் காலையில் எடை பார்த்தார்கள். எட்டு நாளில் ஏழு கிலோ இறங்கினார். அத்தனையும் தண்ணீர். இல்லத்துச் சாப்பாட்டுக்கு நற்சாட்சி என்று நான் எழுதியது அதைத்தான்.

நாலாம் நாள் மதியம் சாப்பாட்டுக் கேரியரோடு உள்ளே போகிறேன். மாமா படுத்திருந்தார். ஒரே ஒரு தலையணை. ஒருக்களித்து, கன்னத்துக்குக் கீழே கையை வைத்துக்கொண்டு, வாய் லேசாகத் திறந்து, சின்னக் குறட்டையோடு. திருப்பூரிலிருந்து வந்திருந்த செல்வி சுவரோரமாக நின்று சத்தம் வராமல் அழுதுகொண்டிருந்தாள். எழுப்ப வேண்டாம் என்று கையைக் காட்டினாள்.

ஒரு மணி நேரம் இரண்டு பேரும் அவர் தூங்குவதைப் பார்த்துக்கொண்டிருந்தோம். சோறு ஆறிப்போனது.

இங்கே ஒன்று சொல்ல வேண்டும். முதியோர் இல்லத்தில் எல்லோருமே மெதுவாகத்தான் நடக்கிறார்கள். அதில் ஒருவர் இன்னும் கொஞ்சம் மெதுவாக நடந்தால் யார் கண்டுபிடிப்பது? எல்லோரும் குறைவாகத்தான் சாப்பிடுகிறார்கள். எல்லோருக்கும் இருமல் இருக்கிறது. எல்லோரும் பகலில் தூங்கி வழிகிறார்கள். கேட்டால் நம்மிடம் ஒரே பதில்தான் – வயசாயிடுச்சு. அந்த ஒரு வார்த்தையைச் சொல்லிவிட்டால் அதற்கு மேல் எதுவும் பார்க்க வேண்டியதில்லை, பாருங்கள்! ஐம்பது வயதுக்காரர் மாடிப்படியில் பாதியில் நின்றால் ஆஸ்பத்திரிக்குக் காரை எடுக்கிறோம். எண்பது வயதுக்காரர் நின்றால் நாற்காலியைப் போடுகிறோம். நான் அந்த நாற்காலியைப் போட்டதோடு நிற்காமல் அதைப் பற்றி ஒரு பக்கமும் எழுதினேன்.

ஆஸ்பத்திரியிலிருந்து டிஸ்சார்ஜ் செய்ததும் மறுபடி அந்தக் கேள்வி வந்தது. எங்கே போவது?

செல்வி திருப்பூருக்குக் கூப்பிட்டாள். "மூணு மாடி ஏறணும்மா. ஏறிட்டா எறங்க முடியாது" என்றார் மாமா. என் வீட்டுக்குக் கூப்பிட்டேன். நல்ல மனதோடுதான் கூப்பிட்டேன். ஆனால் என் மனைவிக்கு அப்போதுதான் முழங்கால் ஆபரேஷன் ஆகியிருந்தது. மாமாவுக்கு அது தெரியும். "போடா" என்று சொல்லிச் சிரித்தார்.

மேனேஜரிடம் போய் உட்கார்ந்தோம். அவர் கெட்டவர் இல்லை. அதைச் சொல்லிவிட வேண்டும். "சார், நாப்பத்திரண்டு பேரு இருக்காங்க. பாத்துக்க மூணே மூணு பொம்பளைங்க. நர்ஸுன்னு யாரும் கெடையாது. தெனம் எடை பாக்கணும், தண்ணி அளக்கணும், மாத்திரை நேரத்துக்குக் குடுக்கணும்னா நான் யார விட்டுச் செய்யச் சொல்லுவேன்? ஒருத்தருக்குச் செஞ்சா இன்னொருத்தரு கேப்பாங்கல்ல?"

விசாலாட்சி அம்மா குறுக்கே பேசினார். "அஞ்சலைக்கு நான் சொல்லித் தரேன். எடை மெஷின் இவரு வாங்கித் தருவாரு" – இவரு என்றது என்னை – "வாரா வாரம் வியாழக்கிழம நான் வந்து பாத்துட்டுப் போறேன். போதுங்களா?"

மேனேஜர் யோசித்துவிட்டுச் சரி என்றார்.

"அப்படியே மத்தவங்க காலையும் ஒரு தடவை பாத்துடறேனே?" என்று அந்தம்மா கேட்டபோது மட்டும் தயங்கினார். "அது... அவங்கவங்க சொந்தக்காரங்களக் கேக்கணும்மா. அப்புறம் பாப்போம்."

அந்த 'அப்புறம்' நீண்டுகொண்டே போனது.

வைகாசியும் ஆனியும் நன்றாகவே போயின. மாமா கட்டிலில் படுத்தார். அஞ்சலை விரிப்பு மாற்றினார். காலையில் எடை மெஷினில் ஏறி நிற்பார். அஞ்சலை காலண்டரில் எழுதுவார். சாப்பாட்டைத்தான் திட்டிக்கொண்டே இருந்தார். "உப்பில்லாம இதுக்குப் பேரு ரசமா? லோடு லாரிய கழுவுன தண்ணி மாதிரி இருக்கு" என்பார். ஊறுகாய் கேட்டு என்னிடம் கெஞ்சினார். ஒரு தடவை கோபத்தில் பேசாமலே இருந்தார். நான் கொண்டுபோகவில்லை.

ஒரு ஞாயிறு கேட் வரை வந்து என்னை பஸ் ஏற்றிவிட்டார். பஸ் கிளம்பிய பிறகும் நின்றுகொண்டிருந்தார். சரியாகிவிட்டார் என்றே நினைத்தேன்.

ஆடி பிறந்த முதல் வாரம். காலண்டரில் எடை மூன்று நாளில் மூன்று கிலோ ஏறியிருந்தது. இந்தத் தடவை யாரும் தாமதிக்கவில்லை. அஞ்சலை விசாலாட்சி அம்மாவைக் கூப்பிட்டார், அவர் என்னைக் கூப்பிட்டார், மதியத்துக்குள் ஆஸ்பத்திரி. அதே மருந்து, அதே அளவு. தண்ணீர் மட்டும் போன தடவை மாதிரி இறங்கவில்லை. ஆறாம் நாள் டாக்டர் எங்களை வெளியே கூப்பிட்டுச் சொன்னார். "கிட்னியும் ஒத்துழைக்க மாட்டேங்குது. மருந்தக் கூட்டினா அது கெடுது, கொறச்சா மூச்சு முட்டுது. முடிஞ்ச வரைக்கும் அவருக்குக் கஷ்டம் இல்லாமப் பாத்துக்கலாம்."

செல்வி கேட்டாள், "முன்னாடியே காட்டியிருந்தா?"

டாக்டர் என்னைப் பார்க்கவில்லை. அந்தக் கடிதத்தைப் பற்றி அவருக்கு ஒன்றும் தெரியாது. ஆனாலும் நான் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றேன். "கொஞ்ச நாள் கூடக் கெடச்சிருக்கலாம். எத்தனன்னு யாராலயும் சொல்ல முடியாது" என்றார்.

மாமாவிடம் செல்விதான் பேசினாள். எங்கே இருக்க வேண்டும் என்று கேட்டாள். இல்லத்துக்கே போகிறேன் என்றார். "அங்க பேச்சுத் துணைக்கு ஆளு இருக்கு. அஞ்சலை இருக்கா."

இப்போது நடக்க முடியாது. கழிப்பறைக்கு ஆள் தூக்கிவிட வேண்டும். விதிப்படி இல்லத்தில் இடம் கிடையாது. மேனேஜர் என்ன சொல்லப்போகிறாரோ என்று பயந்துகொண்டே போன் செய்தேன். "கூட்டிட்டு வாங்க சார்" என்றார். அவ்வளவுதான் சொன்னார். மாமாவின் கட்டிலை அறையிலிருந்து காற்று வரும் வராந்தாப் பக்கம் மாற்றிப் போட்டு வைத்திருந்தார்கள். செல்வி லீவு போட்டுவிட்டுக் கூடவே இருந்தாள்.

பன்னிரண்டு நாள் இருந்தார். கடைசியில் அதிகம் பேசவில்லை. ஒரு தடவை மட்டும் என் கையைப் பிடித்து, "மாப்ள, நீ அத நெனச்சுக்கிட்டு கெடக்காத" என்றார்.

ஒரு செவ்வாய்க்கிழமை காலை, செல்வி துணி அலசப் போயிருந்த நேரம். அஞ்சலை டீ டம்ளரோடு வந்து, "தாத்தா" என்று கூப்பிட்டிருக்கிறார்.

காரியமெல்லாம் வாலிகண்டபுரத்தில் முடிந்தது. எல்லோரும் கிளம்பிய பிறகு செல்வி என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"மாமா, நீங்க எழுதினதப் படிச்சுட்டு நான் அப்பாவுக்குப் போன் பண்ணேன். 'ஏம்ப்பா, கட்டில்ல படுக்கவே மாட்டியா'ன்னு கேட்டு ஒரே சிரிப்பு. அப்பாவும் சிரிச்சுக்கிட்டேதான் பேசினாரு. அப்ப... சிரிக்கக்கூட அவருக்கு மூச்சு முட்டியிருக்கும்ல மாமா?"

முப்பது வருஷமாக எழுதுகிறேன். எந்தக் கேள்விக்கும் ஒரு பதில் வைத்திருக்கிறவன் என்று பேர். அன்றைக்கு எழுந்து போய் அவளுக்கு ஒரு டம்ளர் தண்ணீர் கொண்டுவந்தேன்.

விசாலாட்சி அம்மாவிடம் ஒரு நாள் கேட்டேவிட்டேன். "உங்க கடிதத்தை நான் கெடப்புல போட்ட அந்தப் பன்னிரண்டு நாள்... அதனாலதான் மாமா போயிட்டாரா?"

"ஆமான்னு சொன்னா ஒங்களுக்குத் தூக்கம் வராது. இல்லன்னு சொன்னா அது பொய்யாயிடும்" என்றார். "விடுங்க சார். இனிமே வர்ற கடுதாசியப் படிங்க."

மாமாவின் பெட்டியையும் கண்ணாடியையும் வாங்கிவரச் செல்வி சொல்லியிருந்தாள். போன மாதக் கடைசியில் இல்லத்துக்குப் போனேன். மேனேஜர் எடுத்து வைத்திருந்தார். வாங்கிக்கொண்டு கிளம்பும்போது இட்லிக் கடை வேலாயுதம் கூப்பிட்டார்.

"சார், ஒரு நிமிசம்." அக்கம்பக்கம் பார்த்தார். அஞ்சலை தூரத்தில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தார். "எனக்கும் ஒரு மாசமா காலு வீங்குது. செருப்பு போவல. யாருக்கிட்டயும் சொல்லல."

"ஏன்?"

"நான் எங்க போறது சார்? தங்கராசுக்கு மவ இருந்துச்சு, நீங்க இருந்தீங்க." என் சட்டையைப் பிடித்துக்கொண்டார். "ஒங்கக்கிட்ட சொல்லணும்னு தோணுச்சு, சொல்லிட்டேன். எழுதிப்புடாதீங்க."

எழுத மாட்டேன் என்றேன். வாக்குக் கொடுத்தேன். அவரைப் படுத்துக்கொள்ளச் சொல்லிவிட்டு, கையில் பெட்டியோடு நேரே மேனேஜர் அறைக்குப் போனேன்.

அதைச் செய்ய நான் யார் என்ற கேள்வி வாசலில் நிற்கும்போதே வந்தது. மாமா எதற்குப் பயந்து ஆறு மாதம் உட்கார்ந்திருந்தாரோ, அதே அறை. நான் சொல்வதாலேயே இந்த மனிதரை வெளியே அனுப்பிவிட்டால்? அவருக்கு யாரும் இல்லை. இருந்தாலும் சொன்னேன். சொல்லாமல் இருந்து பார்த்தவன் நான்.

மேனேஜர் என்னை உட்காரச் சொன்னார். "அனுப்ப மாட்டேன் சார். ஆனா ஒண்ணு... நாளைக்கே இன்னும் பத்துப் பேரு இப்படிப் படுத்துட்டா என்னால முடியாது. அதையும் நீங்க தெரிஞ்சுக்கணும்." பிறகு, "அந்த நர்ஸம்மா எல்லார் காலையும் பாக்கணும்னு கேட்டாங்கல்ல? வரச் சொல்லுங்க" என்றார்.

வந்தார். இரண்டு வியாழக்கிழமை ஆயிற்று எல்லோரையும் பார்த்து முடிக்க. வேலாயுதத்தைத் தவிர இன்னும் ஐந்து பேருக்குக் கால் எலும்பின் மேல் குழி விழுந்தது. ஐந்து பேரும் ஒரே பதிலைத்தான் சொன்னார்கள் – வயசாயிடுச்சு. அதில் ஒரு அம்மா சுவரில் சாய்ந்தபடிதான் தூங்குகிறார். சாமி கும்பிட்டபடியே தூங்கிவிடுகிறார் என்று அந்த அறையில் எல்லோரும் நினைத்துக்கொண்டிருந்தார்களாம்.

வேலாயுதத்துக்கு மாத்திரை ஆரம்பித்தாயிற்று. முழுக்கச் சரியாகும் என்று யாரும் சொல்லவில்லை. அவரும் கேட்கவில்லை.

முந்தாநாள் போய் அவர் கட்டிலில் உட்கார்ந்தேன். இதை எழுதலாமா என்று கேட்டேன். வாக்குக் கொடுத்தவன், கேட்காமல் எழுத முடியாது இல்லையா? அவர் குனிந்து தன் காலைப் பார்த்தார். பிறகு சொன்னார்:

"எழுதுங்க சார். சிரிக்கிற மாதிரி மட்டும் எழுதிப்புடாதீங்க."